கார்பன் டை ஆக்சைடை நீக்காத டீகேஸிங் டவர்: புகார் கடிதம்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: எங்கள் மறுசுழற்சி மீன் பண்ணையில் நீங்கள் நிறுவிய டீகேஸிங் டவர் உறுதியளித்தபடி கார்பன் டை ஆக்சைடை நீக்காதது, அதைச் சரிசெய்து தரக் கோருவது.

ஐயா, வணக்கம்.

தண்ணீரை மேலிருந்து கொட்டி, எதிரே காற்றைத் தள்ளி, கரைந்த வாயுவை வெளியேற்ற வேண்டிய இந்த டவரைப் பற்றி உங்களிடம் போனிலும் சொன்னேன், மின்னஞ்சலும் அனுப்பினேன். "ஆக்ஸிஜன் 7-க்கு மேலே இருக்கிறதே, அப்புறம் என்ன பிரச்சினை?" என்பதுதான் எப்போதும் வரும் பதில். என் புகார் ஆக்ஸிஜனைப் பற்றியது அல்ல. அதனால் நடந்ததையும் நாங்கள் அளந்ததையும் விவரமாக எழுதுகிறேன். தயவுசெய்து இந்தக் கடிதத்தை டவரை வடிவமைத்தவர்களின் கைக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள்.

எங்கள் தொட்டிகளில் நன்னீரில் கொடுவா வளர்க்கிறோம். தண்ணீரின் வெப்பநிலை 28 டிகிரியை ஒட்டியிருக்கும். ஒரு நாளைக்கு 20 கிலோ தீவனம் போகிறது. மணிக்கு 60 கன மீட்டர் தண்ணீர், கழிவை வடிகட்டும் டிரம் ஃபில்டர், பாக்டீரியாவால் அம்மோனியாவை மாற்றும் பயோஃபில்டர் வழியாக வந்து உங்கள் டவரில் இறங்கி, தூய ஆக்ஸிஜனைக் கரைக்கும் ஆக்ஸிஜன் கோனைத் தாண்டித் தொட்டிக்குத் திரும்புகிறது. முன்பு தொட்டிகளில் காற்றைத் தள்ளும் புளோயரும், அதைக் குமிழிகளாக விடும் ஏர் ஸ்டோனும்தான் இருந்தன. இருப்பு அடர்த்தியைக் கூட்ட வேண்டுமென்றால் புளோயரை நிறுத்திவிட்டு ஆக்ஸிஜன் கோனுக்கு மாறுங்கள், கார்பன் டை ஆக்சைடை டவர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி இரண்டையும் சேர்த்து விற்றது உங்கள் நிறுவனம். நீங்கள் தந்த விவரத்தாளில் இரண்டு வாக்குறுதிகள் இருக்கின்றன. ஒன்று, டவரில் நுழையும் கார்பன் டை ஆக்சைடில் 70 சதவீதம் நீங்கும். இன்னொன்று, விசிறி மணிக்கு 600 கன மீட்டர் காற்றைத் தரும், அதாவது தண்ணீரைப் போல் 10 மடங்கு காற்று.

புளோயர் இருந்த காலத்தில், ஆக்ஸிஜன் கொடுத்த அதே காற்றுக் குமிழிகள் போகும் வழியில் கார்பன் டை ஆக்சைடையும் எடுத்துக்கொண்டு போயின. தூய ஆக்ஸிஜன் கொடுக்கும்போது தண்ணீரைத் தொடும் வாயுவின் அளவு மிகவும் குறைவு. ஆக்ஸிஜன் ஏறும், ஆனால் மீன் விடும் கார்பன் டை ஆக்சைடு வெளியே போக வழி இருக்காது. ஆக, கோனைப் பொருத்திய நாளிலிருந்து அந்த வேலை முழுக்க உங்கள் டவரின் தலையில்தான் விழுகிறது.

மாற்றம் முதலில் தெரிந்தது தீவனம் போடும்போது. தீவனம் விழுந்த உடனே தண்ணீரை அடித்துக்கொண்டு மேலே வரும் கொடுவா, இப்போது தண்ணீர் வந்து விழும் குழாயை ஒட்டியே கூட்டமாக நிற்கிறது. செவுள் மூடி வேகமாக அடித்துக்கொள்கிறது. கால்வாசித் தீவனம் மிதந்து ஊறி, வடிகாலுக்குப் போய்விடுகிறது. கரைந்த ஆக்ஸிஜனை அளக்கும் டி.ஓ. மீட்டரை விட்டுப் பார்த்தால் லிட்டருக்கு 7 மி.கி.க்கு மேல் காட்டுகிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும் திறன் குறையும். போர் (Bohr) விளைவு, ரூட் (Root) விளைவு என்று மீன் உடலியலில் சொல்வது இதைத்தான். தண்ணீரில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருந்தாலும் மீனுக்கு அது போதிய அளவில் போய்ச் சேராது. டி.ஓ. மீட்டரைக் காட்டி எங்களைச் சமாதானப்படுத்துவதை உங்கள் ஆட்கள் இனியாவது நிறுத்த வேண்டும்.

இனி கணக்குக்கு வருகிறேன். ஒரு கிலோ தீவனத்துக்கு மீனும் பாக்டீரியாவும் சேர்ந்து ஏறத்தாழ அரை கிலோ ஆக்ஸிஜன் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் டிசைன் தாளிலும் அதுதான் இருக்கிறது. ஒரு கிராம் ஆக்ஸிஜன் செலவானால் சுமார் 1.375 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். 20 கிலோ தீவனத்துக்கு நாளொன்றுக்குப் பதினான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இதை மணிக்கு 60 கன மீட்டர் தண்ணீரில் பரப்பினால், தண்ணீர் ஒவ்வொரு முறை டவரைக் கடக்கும்போதும் லிட்டருக்கு 9.5 மி.கி. அளவு வெளியேறியாக வேண்டும். டவர் 70 சதவீதம் நீக்கினால், உள்ளே வரும் தண்ணீர் 14 மி.கி.யை ஒட்டியும் வெளியே போகும் தண்ணீர் 4 மி.கி.யை ஒட்டியும் நிற்கும். இந்தக் கணக்கை நம்பித்தான் வாங்கினோம்.

உண்மையில் டவருக்குள் வரும் தண்ணீரில் 27 மி.கி. இருக்கிறது, வெளியே போகும் தண்ணீரில் 17 முதல் 18 மி.கி. வரை இருக்கிறது. அதாவது நீக்கம் 35 சதவீதம், சொன்னதில் சரிபாதி.

உங்கள் அலுவலகத்திலிருந்து பேசியவர், "தினமும் உற்பத்தியாகும் கார்பன் டை ஆக்சைடு முழுவதும் வெளியேறிக்கொண்டுதானே இருக்கிறது, அளவு மேலே மேலே ஏறவில்லையே" என்றார். ஏறாமல் ஓரிடத்தில் நிற்பது உண்மைதான். ஆனால் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. டவருக்குத் திறன் பாதியாக இருந்தால், அதே 9.5 மி.கி.யை வெளியேற்றுவதற்குத் தொட்டியில் அளவு இரண்டு மடங்காக ஏறி நிற்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு மடங்கில் இரவும் பகலும் இருப்பது மீன். கொடுவாவுக்கு 20 மி.கி.க்குக் கீழே வைத்திருப்பது என் பழக்கம். சால்மன், ட்ரௌட் வளர்ப்பவர்கள் 15-ஐ ஒட்டியே எச்சரிக்கையாகிவிடுகிறார்கள். அளவு நாள்பட்டு உயர்ந்தே இருந்தால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். "திலாப்பியா இதைவிட அதிகம் தாங்குமே" என்றும் ஒருவர் சொன்னார். என் தொட்டியில் இருப்பது திலாப்பியா அல்ல. அப்படியே இருந்தாலும் தாங்கிக்கொண்டு உயிரோடு இருப்பது வேறு, தின்று வளர்வது வேறு. எங்கள் தீவன மாற்று விகிதம், அதாவது ஒரு கிலோ மீன் வளரத் தேவைப்படும் தீவனம், 1.3-லிருந்து 1.7-க்குப் போயிருக்கிறது.

இந்த அளவுகள் எங்கள் மீட்டரின் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. தண்ணீரின் காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் திறன்) லிட்டருக்கு 100 மி.கி., வெப்பநிலை 28 டிகிரி என்றால், பி.எச். 6.85-ல் கரைந்த கார்பன் டை ஆக்சைடு 27 மி.கி. வரும் என்பது யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. டவருக்கு மேலே பி.எச். 6.85, கீழே 7.03. உங்கள் 70 சதவீதம் நடந்து வெளியே போகும் தண்ணீர் 4 மி.கி.யில் நின்றிருந்தால் கீழே 7.6-ஐத் தாண்டியிருக்க வேண்டும். மாதிரியைப் பாட்டிலில் எடுத்துக் கொண்டுபோய் லேபில் அளந்தால் வழியிலேயே வாயு வெளியேறி அளவு குறைத்துக் காட்டும். அதனால் எல்லாவற்றையும் டவர் பக்கத்திலேயே, எடுத்த கையோடு அளந்தோம்.

சரி, டவர் ஏன் பாதி வேலை செய்கிறது? முதல் காரணம் விசிறி. காற்று போகும் 160 மி.மீ. குழாயில் அனிமோமீட்டர் வைத்துப் பார்த்தால் சராசரி வேகம் நொடிக்கு 2.8 மீட்டர். மணிக்கு 200 கன மீட்டர் சொச்சம்தான். 600 என்று விசிறியின் தகட்டில் அச்சடித்திருப்பது, எதிரே தடை எதுவும் இல்லாமல் திறந்தவெளியில் அது தள்ளும் காற்று. ஒரு மீட்டருக்கு மேல் நிரப்பிய பிளாஸ்டிக் வளையங்கள், மேலிருந்து கொட்டும் தண்ணீர், குழாயின் வளைவுகள் எல்லாவற்றையும் எதிர்த்துத் தள்ளும்போது அது மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அந்த அழுத்தத்தில் விசிறி எவ்வளவு தரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது உங்கள் பொறுப்பு. ஆக்ஸிஜனைக் கரைக்கக் கொஞ்சம் காற்று போதும். கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் நன்றாகக் கரையக்கூடியது, அதைத் தொடும் காற்று எடுத்துக்கொண்டு போவது கொஞ்சம்தான். அதனால் அதை இழுத்து வெளியேற்ற நிறையக் காற்று வேண்டும். 5 முதல் 10 மடங்கு என்று இந்தத் துறையில் சொல்வது சும்மா இல்லை. எங்கள் டவரில் ஓடுவது மூன்றரை மடங்குகூட இல்லை.

இரண்டாவது, டவருக்குள் தண்ணீர் பரவும் விதம். உங்கள் பொறியாளர் வந்திருந்தபோதே அவர் முன்னிலையில் மேல் மூடியைக் கழற்றினோம். ஓட்டை போட்ட பரப்புத் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ரச மட்டம் வைத்துப் பார்த்ததில் குமிழி ஓரத்துக்கே ஓடிவிட்டது. தண்ணீர் முழுக்க ஒரு சுவரை ஒட்டி வழிந்தது. எதிர்ப்பக்கத்தில் கையை விட்டு எடுத்த வளையங்கள் உலர்ந்திருந்தன, விரலில் தூசி ஒட்டியது. தண்ணீர் படும் பக்கத்து வளையங்களில் பழுப்புக் கொழகொழப்பு ஏறியிருந்தது. காற்று எப்போதும் தடையில்லாத வழியாகப் போகும். அது உலர்ந்த பக்கமாக ஏறிப் போய்விட, தண்ணீர் மறுபக்கமாக இறங்கிவிடுகிறது. நாங்கள் பராமரிக்கவில்லை என்று இதற்குப் பிறகு உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சல் என்னை மிகவும் வருத்தியது. தட்டு சாய்ந்தது நிறுவியபோது. சுத்தம் செய்யவோ பார்க்கவோ டவரில் ஒரு சிறு கதவுகூட இல்லை. விசிறியையும் குழாயையும் கழற்றினால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியும்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. டவரின் புகைபோக்கிக் குழாய் கொட்டகைக்கு உள்ளேயே, கூரைக்குக் கீழே முடிகிறது. விசிறி காற்றை எடுப்பதும் அதே கொட்டகைக்குள்ளிருந்துதான். மீனிடமிருந்து எடுத்த வாயுவைத் திரும்ப மீனுக்கே ஊட்டுவதாகிறது இது. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும். அந்தக் காற்றோடு சமநிலைக்கு வந்த தண்ணீரில் 0.6 மி.கி. கூட இருக்காது. கதவு சாத்திய இரவுக்குப் பிறகு எங்கள் கொட்டகைக் காற்றை அளந்தால் 2,400 பி.பி.எம். அந்தக் காற்றை எவ்வளவு தள்ளினாலும் தண்ணீர் 3.3 மி.கி.க்குக் கீழே போகவே முடியாது. நீங்கள் வாக்களித்த 4 மி.கி. இந்த அமைப்பில், விசிறி முழு வேகத்தில் ஓடினாலும், ஏறத்தாழ எட்டாத ஒன்று. மீனை விடுங்கள், காலையில் முதலில் உள்ளே போகும் வேலையாட்கள் தலை கனக்கிறது என்கிறார்கள். எட்டு மணி நேர வேலைக்கு 5,000 பி.பி.எம். என்பது பல நாடுகளில் உச்ச வரம்பு. அதை நோக்கிப் போகும் ஒரு கொட்டகையில் என் ஆட்களை நிற்கவைக்க நான் தயாராக இல்லை.

உங்கள் பொறியாளர் மரியாதையான மனிதர், அவர் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அலுவலகத்தில் கேட்டுவிட்டு அவர் சொன்ன தீர்வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: "சோடியம் பைகார்பனேட் போடுங்கள், பி.எச். ஏறிவிடும்." ஏறும். காரத்தன்மையை 200-க்குக் கொண்டுபோனால் பி.எச். 7.15 என்று காட்டும், ஆனால் கரைந்த கார்பன் டை ஆக்சைடு அதே 27 மி.கி.தான். மீன் விடும் அளவும் மாறவில்லை, டவர் நீக்கும் அளவும் மாறவில்லை, மீட்டரில் தெரியும் எண் மட்டும் அழகாகிறது. கூடவே பி.எச். 0.3 ஏறினால் மொத்த அம்மோனியாவில் நச்சான பகுதி ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. பயோஃபில்டர் தின்னும் காரத்தன்மையை ஈடுகட்ட பைகார்பனேட் அவசியம், அதை நாங்கள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். டவரின் குறையை மறைக்க அதைப் போடச் சொல்வது தவறு. வேறு பண்ணைகளுக்கும் இதே அறிவுரை போய்க்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள்.

எனவே நான் கேட்பது இதுதான். டவரின் உண்மையான தடை அழுத்தத்தில் மணிக்கு 600 கன மீட்டர் தரும் விசிறியை, அதன் அழுத்த வரைபடத்தோடு, உங்கள் செலவில் பொருத்த வேண்டும். காற்றை வெளியிலிருந்து எடுத்து வெளியிலேயே விடும்படி இரண்டு குழாய்களையும் நீட்ட வேண்டும், இரண்டின் வாயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது. பரப்புத் தட்டை மட்டம் பார்த்து மாட்டி, பார்க்கவும் கழுவவும் ஒரு கதவு வைத்துத் தர வேண்டும். இது முடியும்வரை நாங்கள் தீவனத்தைக் குறைத்து, பழைய புளோயரையும் ஓட்டிச் சமாளிக்கிறோம். அந்த மின்செலவையும், வளர்ச்சி தடைப்பட்ட இழப்பையும் ஈடுகட்டுவது பற்றி எழுத்தில் பதில் வேண்டும். இதெல்லாம் செய்தபிறகும் 70 சதவீதம் வரவில்லையென்றால் டவரை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் வேலை தொடங்கும் தேதியைத் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு வழியில் போவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. விவரத்தாளின் நகல், பி.எச்., காரத்தன்மை பதிவேடு, அனிமோமீட்டர் அளவுகள், சாய்ந்த தட்டின் படங்கள் எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

வேலை முடிந்த பிறகு சோதனையை இரு தரப்பும் சேர்ந்து செய்வோம். அதற்கு வருபவர்கள் காலைத் தீவனம் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழிந்த பிறகு வரட்டும், கார்பன் டை ஆக்சைடு ஏறி நிற்பது அப்போதுதான். வருவதை முந்தின நாளே சொல்லிவிட்டால் அன்று முழு அளவு தீவனம் போட்டு, இரவு கொட்டகைக் கதவையும் வழக்கம்போல் சாத்தி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மீன் பண்ணை உரிமையாளர்