ஃபேரி காதல் கதைங்கள டைம்பாஸ்னு தள்ளிடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க புத்தகப் பக்கத்துல டீன்ஏஜ் பசங்க படிக்கிற பேன்டஸி ரொமான்ஸ் பத்தி ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. படம் வரையுற ஒரு பொண்ணு, அவள தேடி வர்ற ஃபேரி இளவரசன், ரெண்டு பேருக்கும் காதல், இதே கதையத்தான் திருப்பித் திருப்பி எழுதுறாங்க, எல்லாம் வெறும் டைம்பாஸ்னு ஒரே பாராவுல முடிச்சிட்டாங்க. இந்தக் கதைங்கள விடாம படிக்கிறவ நான், எழுதாம இருக்க முடியல. கட்டுரை எழுதினவர் காதல மட்டும் பார்த்திருக்காரு, அந்தப் பொண்ணு கையில எதுக்கு பிரஷ்ஷ குடுத்தாங்கன்னு யோசிக்கவே இல்ல.

ஃபேரின்னதும் றெக்கை வச்ச குட்டி பொம்மைதான் நிறைய பேருக்கு ஞாபகம் வரும். ஸ்காட்லாந்து, அயர்லாந்து பழங்கதைங்கள்ல வர்றவங்க அப்படி கிடையாது. பார்க்க மனுஷங்க மாதிரியே இருப்பாங்க, அழகா இருப்பாங்க, கூடப் போனா ஆபத்து, நம்ம மோகினி கதை மாதிரின்னு வச்சுக்கோங்க. இரும்பு ஆகாது, அவங்க குடுக்கறத சாப்பிட்டா திரும்பி வர முடியாது. ராபர்ட் கிர்க்னு ஸ்காட்லாந்து பாதிரியார் ஒருத்தர் 1690கள் தொடக்கத்துலயே உக்காந்து இவங்களப் பத்தி சீரியஸா ஒரு புத்தகம் எழுதியிருக்காரு.

இவங்களுக்கு கலைஞர்கள் மேல எப்பவுமே ஒரு கண்ணு. தாமஸ்னு ஒரு கவிஞர ஃபேரி ராணி குதிரையில ஏத்திட்டுப் போற பழைய ஸ்காட்லாந்து பாட்டு ஒண்ணு இருக்கு, ஏழு வருஷம் கழிச்சு பொய்யே பேச முடியாத நாக்கோட திரும்பி வர்றாரு. அயர்லாந்துல லியனான் ஷீன்னு ஒருத்தி, கவிஞர் யேட்ஸ் 1888ல வந்த தன்னோட தொகுப்புல இவளப் பத்தி எழுதியிருக்காரு. அவ காதல வேணாம்னு சொன்னா அவ உனக்கு அடிமை, சரின்னு சொன்னா நீ அவளுக்கு அடிமை. கவிதை தானா ஊறும், ஆனா அவ உன் உயிரத் தின்னுதான் வாழுவா, அந்த ஊர் ஐரிஷ் மொழிக் கவிஞர்கள் சின்ன வயசுலயே செத்துப்போறதுக்கு இவதான் காரணமாம். அந்தக் காலத்துக் கதையில கலைஞன்னா இப்படித்தான், குடுக்கறது அவங்க, கொஞ்சம் கொஞ்சமா அழியறது இவன்.

இன்னைக்கு எழுதுறவங்க இதத்தான் தலைகீழா திருப்பிட்டாங்க! இப்ப வர்ற பல கதைங்கள்ல ஃபேரிக்கு சாவே இல்ல, எல்லா மாயமும் தெரியும், ஆனா சொந்தமா ஒரு கோடு கூட இழுக்க வராது, அதனால மனுஷி வரையுற ஒரு படத்துக்காக அவளோட வாசல்ல வந்து நிக்கறான். பதினேழு வயசுப் பொண்ணு, கையெல்லாம் பெயிண்ட், அவகிட்ட இருக்கறது அவனோட அரண்மனையில எங்க தேடினாலும் கிடையாது. அவன் பொய் சொல்ல முடியாதுங்கறது ரூல், ஆனா வார்த்தைய வளைச்சு ஏமாத்தலாம், உன்ன பத்திரமா வீட்ல விட்டுடறேன்னு சொன்னா எப்போ, யார் வீட்லன்னு கேட்டு வாங்கிக்கணும். அவ ஒவ்வொரு சொல்லா எண்ணி டீல் பேசுற அந்தப் பக்கங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஃப்ரீயா வரைஞ்சு குடும்மா உனக்கு நல்ல பேர் கிடைக்கும்னு நாலு பக்கமும் கேக்கற ஒரு பொண்ணு அதப் படிச்சா அவளுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. உழைப்புக்கு விலை சொல்லலாம், கண்டிஷன் போடலாம், எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் முடியாதுன்னு சொல்லலாம். இதையா டைம்பாஸ்னு சொல்றது?

காதல் விஷயத்துலயும் பழசுல பிடிச்சுக்க ஒரு நல்ல பிடி இருக்கு. டாம் லின்னு ஒரு கதை, 1549லயே ஒரு புத்தகத்துல அதோட பேர் வருது, அவ்வளவு பழசு. ஃபேரிங்க பிடிச்சுட்டுப் போன ஒருத்தன காப்பாத்த ஜேனட்ங்கற பொண்ணு நடுராத்திரி வழியில காத்திருந்து அவன குதிரையில இருந்து இழுத்து கட்டிப் பிடிச்சுக்கறா. அவன் பாம்பாகறான், கரடியாகறான், சிங்கமாகறான், பழுக்கக் காய்ச்சின இரும்பாகறான், அவ விடல. கடைசியில நெருப்புக் கங்கா மாறினதும் தண்ணியில போடறா, மனுஷனா எந்திரிச்சு வர்றான், தன்னோட பச்சைப் போர்வைய எடுத்து மூடறா. யாரு யார காப்பாத்தறா பாருங்க.

குறையே இல்லன்னு நான் சொல்லல. ஐநூறு வயசு ஆளுக்கும் பதினேழு வயசு பொண்ணுக்கும் காதல்ங்கறத யோசிக்காம தாண்டிப் போற கதைங்க எனக்கும் ஒப்பல. அதவிடக் கோவம் வர்றது எதுக்குன்னா, காதல் ஆரம்பிச்சதும் அவ வரையறத நிறுத்திடுவா! அவனோட தாடை அழகுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவாங்க, அந்தத் தாடையோட நிழலுக்கு அவ எந்தக் கலர கலக்கினான்னு ஒரு வரி இருக்காது. லண்டன் டேட் மியூசியத்துல ரிச்சர்ட் டாட் வரைஞ்ச ஃபேரி ஓவியம் ஒண்ணு இருக்கு. மனநல மருத்துவமனையில அடைபட்டு இருந்தப்போ 1855லேருந்து 1864 வரைக்கும் வரைஞ்சது, உயரம் வெறும் 54 செ.மீ. தான். புல்லுத் தண்டுங்களுக்கு நடுவால எட்டிப் பார்க்கற மாதிரி குட்டி குட்டி ஆளுங்க, நடுவுல ஒருத்தன் ஒரு கொட்டைய ரெண்டாப் பிளக்க கோடாலிய ஓங்கிட்டு நிக்கறான், ராணிக்கு தேர் செய்யவாம். அப்புறம் அவர வேற இடத்துக்கு மாத்தினதால ஒரு ஓரம் முடியாமலே நின்னுபோச்சு. ஒரு ஆர்டிஸ்ட ஹீரோயினா வைக்கிறவங்க அந்த வேலையையும் அந்தப் பொறுமையையும் காட்டணும்ல.

நம்மகிட்டயும் இதுக்கெல்லாம் விதை கிடக்கு சார். குறுந்தொகை 89ல பரணர் கொல்லிமலையில இருக்கற கொல்லிப்பாவைங்கற பெண் உருவத்தச் சொல்றாரு, "கருங்கண் தெய்வம் குடவரை எழுதிய" பாவைன்னு. அங்க வரையறதே தெய்வம்! அந்த மலைக்கு வரையத் தெரிஞ்ச ஒரு பொண்ணு போய் நின்னா என்ன ஆகும், யாராவது எழுதினா முதல் ஆளா வாங்கிப் படிப்பேன். தமிழ்ல டீன்ஏஜ் பசங்களுக்குன்னு பேன்டஸி எழுதறவங்க ஏற்கனவே கம்மி, எழுத நினைக்கிறவங்களும் இந்த மாதிரி கட்டுரையப் பார்த்தா எழுதலாமா வேணாமான்னு தயங்குவாங்க.

உங்க புத்தகப் பக்கத்துல இந்த வகைப் புத்தகங்களுக்கும் முழு விமர்சனம் போடுங்க, அத இதையெல்லாம் உண்மையாவே படிக்கிற ஒரு சின்ன வயசுக்காரங்ககிட்ட எழுதக் குடுங்க. முடிஞ்சா பக்கத்துல அவங்க வரைஞ்ச படத்தையும் பேர் போட்டு, சன்மானம் குடுத்து வெளியிடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகி