எடை பார்த்த பிறகு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. சொட்டு மருந்து விஷயத்தில் மட்டும் கறாராக இரு. இங்கே எல்லோரும் சுகம். குளிர் இன்னும் விடவில்லை.

கவிதா எம்.எஸ்சி. வேதியியலில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் உடனே எழுத உட்கார்ந்தேன். அவள் கேட்கச் சொன்ன கேள்வி அப்படிப்பட்டது. மூலக்கூறுகளுக்கு மின்சார்ஜ் ஏற்றி, அயனிகளாக்கி எடை பார்க்கும் கருவியான மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை பார்த்த பிறகு அந்த மூலக்கூறு என்ன ஆகும்? நம் காலத்தில் யாரும் இதைக் கேட்டதாக நினைவில்லை. நான் இப்போது செய்கிற வேலையே அதுதான்.

பெரும்பாலும் வீணாகத்தான் போகும். அயனி டிடெக்டரில் போய் மோதும், ஒரு மின்துடிப்பைத் தரும், அதோடு அதன் கதை முடிந்தது. நமக்கு மிஞ்சுவது தாளில் ஒரு கோடு. 1977-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் கிரஹாம் குக்ஸின் குழு வேறு மாதிரி செய்து பார்த்தது. எடை வாரியாகப் பிரித்த அயனிகளை உடைக்காமல் ஒரு தகட்டின் மேல் மெதுவாக இறக்கினால் என்ன? அதற்கு அவர்கள் வைத்த பெயர் சாஃப்ட் லேண்டிங்.

பிரித்துச் சேகரிப்பது அதற்கு முன்பே நடந்ததுதான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் யுரேனியம் ஐசோடோப்புகளை, அதாவது எடை மட்டும் வேறான யுரேனிய அணுக்களைக், காந்தப்புலத்தில் பிரித்து எடுத்தார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான வோல்ட் தந்த வேகத்தில் வந்து மோதினாலும் யுரேனியம் அணு யுரேனியமாகவே இருக்கும். மூலக்கூறு அப்படி இல்லையே. ஒரு கார்பன்-கார்பன் பிணைப்பை உடைக்க சுமார் 3.6 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் சக்தியை அளக்கும் அலகு) போதும். அதனால் கடைசிக் கட்டத்தில் தகட்டுக்குக் கொடுக்கிற மின்னழுத்தத்தை ஏற்றி அயனியின் வேகத்தைக் குறைக்கிறோம், மேட்டில் ஏறும் சைக்கிள் தானாகத் தளர்வதுபோல. தகட்டைத் தொடும்போது சார்ஜ் ஒன்றுக்குச் சில எலெக்ட்ரான் வோல்ட்தான் மிச்சம் இருக்க வேண்டும். பெரிய மூலக்கூறு என்றால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் அந்த அதிர்ச்சி நூற்றுக்கணக்கான பிணைப்புகளுக்குப் பரவிவிடும். சக்தியை ஏற்றிக்கொண்டே போனால் சில அயனிகள் பரப்போடு வேதிவினை புரிந்து ஒட்டிக்கொள்ளும். அதையும் தாண்டினால் நொறுங்கும்.

இறங்கிய அயனியின் சார்ஜ் எங்கே போகும் என்று அவள் அடுத்துக் கேட்பாள், பார். வெறும் தங்கத் தகடு என்றால் எலெக்ட்ரான் பாய்ந்து சார்ஜை அணைத்துவிடும். தங்கத்தின் மேல் ஃப்ளூரின் நிறைந்த மூலக்கூறுகளை ஒற்றை அடுக்காக அடுக்கி வைத்தால் அயனி சார்ஜோடு நீண்ட நேரம் அப்படியே தங்கும். இதை 1997-ல் குக்ஸ் குழுவே காட்டியது. 2003-ல் புரதக் கலவையைப் பிரித்து, ஒவ்வொரு புரதத்தையும் தனித்தனிப் புள்ளியாக இறக்கினார்கள். டிரிப்சினும் லைசோசைமும் இறங்கிய பிறகும் நொதியாக வேலை செய்தன! வெற்றிடத்தில் பறந்து, எடை பார்க்கப்பட்டு, தகட்டில் விழுந்த பிறகும்.

சரி, இதில் எவ்வளவு கிடைக்கும்? மிகக் கொஞ்சம். ஒரு நானோ ஆம்பியர் மின்னோட்டம் என்றால், ஒற்றைச் சார்ஜுக்கு, நொடிக்குச் சுமார் 620 கோடி அயனிகள். கேட்க நிறையத் தெரியும். ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டரில் 100 லட்சம் கோடி மூலக்கூறுகளைப் பரப்ப நாலரை மணி நேரம் ஆகும். மூலக்கூறு எடை 1000 என்றால், அத்தனையும் சேர்ந்து மைக்ரோகிராமில் ஆறில் ஒரு பங்குதான். மருந்து தயாரிக்க இது உதவாது. அதை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். என்னைக் கேட்டால், அளவுக்காக இதைத் தேடி வரவே கூடாது. பாட்டிலில் இல்லாத ஒன்றைக் கையில் வாங்கத்தான் வர வேண்டும்.

இதைப் பார். உலோகமும் ஆக்ஸிஜனும் கொத்தாகச் சேர்ந்த பாலிஆக்ஸோமெட்டலேட் என்ற எதிர்மின் அயனியைக் கரைசலில் தனியாக வைத்திருக்க முடியாது, கூடவே நேர்மின் அயனி வந்தே தீரும். ஜூலியா லாஸ்கின் குழு அந்தத் துணை அயனி இல்லாமல் அதை மட்டும் கார்பன் மின்வாயில் இறக்கி, மின்சாரத்தைச் சேமிக்கும் சூப்பர் கெபாசிட்டரின் செயல்திறன் கூடுவதை 2016-ல் காட்டியது. அதேபோல, ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தில் கிளைக்கோபுரதங்களைத் தாமிரத்தின் மேல் இறக்கி, அவற்றில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகளை ஒவ்வொரு மூலக்கூறாக, கூரிய ஊசி முனையால் பரப்பைத் தடவிப் படமெடுக்கும் ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். சூடாக்கி ஆவியாக்கினால் அவை கருகிவிடும். கரைசலை மின்னழுத்தத்தால் நுண்துளிகளாகத் தெளித்து அயனியாக்கும் எலெக்ட்ரோஸ்ப்ரே இல்லாமல் அது நடந்திருக்காது.

ஆனால் என் மனதை முழுசாகப் பிடித்துக்கொண்டது பீட்டா-காலக்டோசிடேஸ். நான்கு அலகுகள் சேர்ந்த பெரிய புரதம், சுமார் 4,65,000 டால்டன் (ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை சுமார் ஒரு டால்டன்). ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்டெஃபான் ரௌஷன்பாக் குழு அதைக் குளிர்ந்த கிரிட்டில் (மாதிரியைத் தாங்கும் சிறு வலைத்தட்டு) இறக்கி, உறைகுளிரில் படமெடுக்கும் கிரையோ எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் 2.6 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நுணுக்கத்தில் உருவத்தை எடுத்தது. தண்ணீரை இழந்ததால் அலகுகள் கொஞ்சம் நெருங்கியிருக்கின்றன, உள்ளே மடிப்புகள் அப்படியே இருக்கின்றன. வெற்றிடத்தில் புரதம் தன் வடிவத்தை வைத்திருக்குமா என்று எத்தனை வருஷமாக வாதம் நடந்தது! குறைந்தது இந்த ஒரு புரதத்துக்கு இப்போது கண்ணால் பார்த்த பதில் இருக்கிறது. மற்றவற்றுக்கு என்ன என்பதுதான் எங்களை இரவில் ஆய்வகத்தில் உட்கார வைக்கிறது. தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தளர்வான புரதங்கள் இப்படித் தாங்காது என்பது என் எண்ணம்.

கவிதாவிடம் ஒன்று சொல். ஐ.ஐ.டி. மெட்ராஸில் பிரதீப்பின் குழு பனிக்கட்டிப் பரப்பில் மெதுவான அயனிகள் மோதும்போது நடப்பதைப் பற்றி நிறைய ஆய்வு செய்திருக்கிறது. அவர் குக்ஸுடன் சேர்ந்தும் கட்டுரைகள் எழுதியவர். புராஜெக்டுக்கு இடம் தேடும்போது அங்கே எழுதிக் கேட்கட்டும். அதற்கு முன்னால் மின்புலம், வெற்றிட பம்ப் இரண்டையும் நன்றாகப் படிக்கச் சொல். வேதியியல் மாணவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

அப்புறம், அவளுடைய அடுத்த கேள்வியை நீ சுருக்கி எழுதாமல் அவளையே எழுதச் சொல். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
வசந்தா