ஸ்கோர் புத்தகங்களோடு வாருங்கள், சார்

அன்புள்ள ஸ்கோரர் சார்,

நம் கிரிக்கெட் சங்கத்துக் கூட்டத்தில் வந்து பேசுங்கள் என்று போன வாரம் போனில் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. "நான் பேச என்னப்பா இருக்கு, பந்தையே வீசினதில்ல, யாராவது பெரிய ஆட்டக்காரரைக் கூப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். உங்களிடம் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெரிய ஆட்டக்காரர் வந்த கூட்டத்துக்கு நீங்களும் வந்திருந்தீர்கள், கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருந்தீர்கள். அரங்கம் நிரம்பி ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். அவர் நல்ல மனிதர், ஒன்றரை மணி நேரம் பொறுமையாகப் பேசினார். ஆனால் பேசியதெல்லாம் நாம் பேட்டிகளில் படித்ததுதான், ஏனென்றால் நாங்கள் அவரிடம் கேட்டது அவ்வளவுதான். "உங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று ஒருவரை மேடையில் நிறுத்தினால் அவர் எங்கிருந்து ஆரம்பிப்பார்? சின்ன வயதிலிருந்து ஆரம்பிப்பார். கேள்வி நேரம் வந்ததும் நம் உறுப்பினர் ஒருவர் மைக்கைப் பிடித்து எட்டு நிமிடம் தன் கருத்தைச் சொல்லி முடித்தார், அதில் கேள்வியே இல்லை. அப்புறம் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். வந்தவர் மேல் குறை இல்லை, அழைத்தவர்கள் யோசிக்கவில்லை, அந்த அழைத்தவர்களில் நான் முதல் ஆள்.

அடுத்த மாதம் பிட்ச் போடுபவர், அதாவது பந்து விழும் மண்தளத்தைத் தயார் செய்பவர், வந்தார். அன்றைக்கு நீங்கள் வரவில்லை, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மொத்தமே 19 பேர். அவர் உரை எதுவும் தயார் செய்யவில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றிய இரண்டு மண்கட்டிகளைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று நன்றாகக் காய்ந்தது, இன்னொன்று ஈரப்பதம் உள்ளது. சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து முதல் கட்டியில் அழுத்தினார், கீறல் விழுந்ததே தவிர சாவி இறங்கவில்லை. இரண்டாவதில் அரை அங்குலம் இறங்கியது. "டாஸுக்கு முன்னாடி கேப்டன் குனிஞ்சு பார்க்கிறது இதைத்தான்" என்றார். அவ்வளவுதான், 19 பேரும் நாற்காலியை விட்டு எழுந்து மேசையைச் சூழ்ந்துவிட்டோம். களிமண் காயும்போது சுருங்குகிறது, சுருங்கினால் வெடிப்பு விடுகிறது, புல்லின் வேர் அதை எவ்வளவு தூரம் பிடித்துவைக்கும், ரோலரை எந்த ஈரத்தில் ஓட்ட வேண்டும், தப்பான ஈரத்தில் ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனார். நான்காம் நாள், ஐந்தாம் நாள் பந்து திரும்புகிறது என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் நமக்கு, அது திரும்புவதற்கான காரணம் கைக்குள் வந்தது அன்றைக்குத்தான். அரங்கத்தைப் பூட்டும் நேரம் தாண்டி வாசலில் நின்றும் பேசினோம்.

அம்பயர் வந்த மாலை உங்களுக்கே தெரியும். ஆறு கூழாங்கற்களை இடது கையில் வைத்துக்கொண்டு, ஒரு பந்துக்கு ஒரு கல் வலது கைக்கு மாற்றிக் காட்டினாரே. யாரோ கேட்டார்கள், எண்ணிக்கை தப்பினால் என்ன செய்வீர்கள் என்று. அம்பயர் தவறாக எண்ணி ஐந்திலோ ஏழிலோ ஓவரை முடித்துவிட்டால் அவர் எண்ணியபடியே அந்த ஓவர் நிற்கும், அது விதியிலேயே இருக்கிறது என்றார். "அப்புறம் அது ஸ்கோரர் பாடு" என்று உங்களைப் பார்த்துக் கை காட்டினார். எல்லோரும் திரும்பினார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். உங்களைக் கூப்பிட வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

சார், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது லீவு நாட்களில் உங்கள் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவன் நான். எனக்கு அப்போது பெரிய ஆச்சரியமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்பயர் நான்கு ரன்னுக்குக் கையை வீசிக் காட்டிவிட்டு அப்படியே நம் பக்கம் பார்த்தபடி நிற்பார். நீங்கள் எழுதி முடித்து, தலை நிமிர்ந்து, கையை உயர்த்துவீர்கள். அதற்கப்புறம்தான் அடுத்த பந்து. பதினோரு பேர், இரண்டு பேட்ஸ்மேன்கள், ஓடிவரத் தயாராக நிற்கும் பந்துவீச்சாளர் எல்லோரும் உங்கள் கைக்காகக் காத்திருக்க வேண்டும். ஸ்கோரர் பதில் சைகை காட்டும் வரை அம்பயர் அடுத்த பந்தை அனுமதிக்கக் கூடாது என்பது கிரிக்கெட் விதி என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நம் சங்கத்தில் பாதிப் பேருக்கு இது இன்னும் தெரியாது. நீங்கள் வந்து இதை மட்டும் சொன்னாலே அரை மணி நேரம் போகும்.

ரன்னே கொடுக்காத மெய்டன் ஓவரை உங்கள் புத்தகத்தில் எப்படி எழுதுவீர்கள் என்று இன்றைய பையன்களுக்குக் காட்ட வேண்டும். ஆறு புள்ளிகள், அவற்றைக் கோட்டால் இணைத்தால் ஒரு ‘எம்’. அதில் விக்கெட் விழுந்திருந்தால் அதே புள்ளிகளை ‘டபிள்யூ’ ஆக்கிவிடுவீர்கள். 1964 ஜனவரியில் சென்னை டெஸ்டில் இந்தியாவின் பாபு நாட்கர்னி இங்கிலாந்துக்கு எதிராகத் தொடர்ந்து 21 மெய்டன் ஓவர் வீசினார், 131 பந்துகளுக்கு ரன்னே இல்லை, இன்னிங்ஸ் கணக்கு 32-27-5-0, அதாவது 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை. இதை வாயால் சொன்னால் ஒரு எண், அவ்வளவுதான். ஸ்கோர் புத்தகத்தில் அந்த வரிசையை நினைத்துப் பாருங்கள், கட்டத்துக்குக் கட்டம் எம், எம், எம் என்று பக்கம் முழுக்க! அதை எழுதிக்கொண்டிருந்த ஸ்கோரருக்கு எந்தக் கட்டத்தில் பரபரப்பு வந்திருக்கும் என்று உங்களால் சொல்ல முடியும், ஆடினவரால்கூட முடியாது.

1956 ஓல்ட் டிராஃபோர்டு டெஸ்டில் இங்கிலாந்தின் ஜிம் லேக்கர் 90 ரன்னுக்கு 19 விக்கெட் எடுத்ததை எல்லோரும் சொல்வார்கள். அதே பிட்சில், எதிர்முனையில், அதே அணியின் டோனி லாக் 69 ஓவர் வீசி ஒரே ஒரு விக்கெட் எடுத்தார். லேக்கரின் கதையில் லாக் ஒரு வரியாக வந்து போவார், ஸ்கோர் புத்தகத்தில் அந்த 69 ஓவரும் பந்து பந்தாக லேக்கருக்குச் சமமான இடத்தில் இருக்கும். நான் உங்களிடம் கேட்பது இதைத்தான் சார். ஜெயித்தவர் கதையைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள், எதிர்முனையில் என்ன நடந்தது என்று எழுதிவைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

"அதுக்குத்தான் இப்ப ஆப் வந்துடுச்சே" என்றும் சொன்னீர்கள். ஆப் நல்லதுதான், நம் பையன்களும் அதில்தான் ஸ்கோர் போடுகிறார்கள், சராசரியை அதுவே கணக்குப் பார்த்துவிடுகிறது. ஆனால் குழப்பம் வரும்போது எதை நம்புவது என்பது ஆள் சொல்லித் தெரிய வேண்டியது. 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கும் வெஸ்ட் இண்டீஸுக்கும் நடந்தது முதல் டை டெஸ்ட், இரண்டு அணிக்கும் ரன் சமம். அப்போது அங்கே ஓவருக்கு 8 பந்து, வெஸ்ட் இண்டீஸின் வெஸ் ஹால் வீசிய கடைசி ஓவரின் ஏழாவது பந்தில் ஜோ சாலமன் பக்கவாட்டிலிருந்து ஸ்டம்பை அடித்து ஆஸ்திரேலியாவின் மெக்கிஃபை ரன் அவுட் ஆக்கினார். மைதானத்தில் நின்றவர்களிலேயே சிலருக்கு யார் ஜெயித்தார்கள் என்று உடனே தெரியவில்லை. 1992 உலகக் கோப்பை அரையிறுதியில், சிட்னியில், தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் வேண்டியிருந்தபோது மழை வந்தது. மழைக்காக ஓவர்களைக் குறைத்துவிட்டு, திரும்பி வந்தபோது ஒரு பந்தில் 22 என்று பெரிய திரை காட்டியது, உண்மையில் வேண்டியிருந்தது 21. இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு ஸ்கோரர்களும் ஒருவர் புத்தகத்தை ஒருவர் சரிபார்த்துக்கொண்டு என்ன பேசிக்கொள்வீர்கள்? ஒரு ரன் இடித்தால் எங்கிருந்து தேட ஆரம்பிப்பீர்கள், பந்துவீச்சுப் பக்கத்திலிருந்தா பேட்டிங் பக்கத்திலிருந்தா? எனக்கு இது தெரிய வேண்டும். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி.

பில் ஃபிரிண்டால் பிபிசி வானொலியில் 1966 முதல் நாற்பது வருடத்துக்கும் மேல் ஸ்கோரராக இருந்தார். நேர்முக வர்ணனையில் அவர் குரலைக் கேட்கவே ஆட்கள் இருந்தார்கள். ஸ்கோரர் பேசினால் யார் கேட்பார்கள் என்று நீங்கள் இன்னொரு முறை சொன்னால் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

சரி, எப்படிச் செய்யலாம் என்று யோசித்திருக்கிறேன். மேடை வேண்டாம், மைக் முன்னால் நிற்கவும் வேண்டாம். ஒரு மேசை போடுகிறேன், நீங்கள் மைதானத்தில் உட்காருவது போலவே உட்காருங்கள், சீவிய பென்சில்களும் இரண்டு நிறப் பேனாவும் அதே இடத்தில் இருக்கட்டும். புத்தகத்துக்கு மேலே ஒரு கேமரா பொருத்தினால் பக்கம் திரையில் தெரியும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன், நீங்கள் பக்கத்தைப் புரட்டிப் பதில் சொன்னால் போதும். நாற்பது நிமிடம். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்கிறேன், மைக் யார் கைக்கும் போகாது. மூன்று புத்தகம் கொண்டுவந்தால் போதும், அதில் ஒன்று வெற்றி தோல்வி இல்லாமல் டிரா ஆன ஆட்டமாக இருந்தால் நல்லது, டிராவைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

இன்னொன்று. பிட்ச் போடுபவர் அதற்கப்புறம் ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை, முன் வரிசையில்தான் உட்காருகிறார். போன மாதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஸ்கோரர் எப்போது வருவார் என்று கேட்டார். பல வருடமாக ஒரே மைதானத்தில் இருந்தீர்கள், அவர் விடியற்காலையில் வேலையை முடித்துக் கிளம்பிவிடுவார், நீங்கள் ஆட்டம் தொடங்கும்போது வருவீர்கள், இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியதே இல்லையாம். அவர் போட்ட பிட்ச்களில் எந்த முனையிலிருந்து அதிகம் விக்கெட் விழுந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். நீங்கள் பந்துவீச்சாளர் பெயருக்குப் பக்கத்தில் ஓரமாக மரத்துப் பக்கத்துக்கு ‘ம’ என்றும் கட்டடத்துப் பக்கத்துக்கு ‘க’ என்றும் சின்னதாக எழுதுவீர்களே, அது எனக்கு நினைவு வந்தது. புத்தகத்தில் இருக்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை, மாலை ஆறரை. ஐந்தரைக்கு நானே வண்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன், புத்தகங்களை நான் தூக்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்