சர்க்கரையைக் கொட்டாதே

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சரவணா,

வீட்டில் காய்ச்சும் பீரை இன்னும் ஸ்ட்ராங்காக்குவது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதும் "அப்புறம் பேசலாம்" என்று பட்டென்று வைத்துவிட்டேன். கோபமெல்லாம் இல்லைடா, பக்கத்திலேயே அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், பீர் ஃபேக்டரி லேபில் முப்பது வருஷம் வேலை பார்த்தவனோடு குடித்தனம் நடத்தியும் அவளுக்கு அந்தப் பேச்சே ஆகாது.

அமெரிக்காவில் ஜனாதிபதி கார்ட்டர் 1978-இல் அதை அனுமதிக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதால் நீ வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறாய், இங்கே லைசென்ஸ் இல்லாமல் செய்தால் கலால்காரன் வந்து நிற்பான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

19 லிட்டருக்கு ஒரு கிலோ சர்க்கரை போட்டாயாமே. கணக்கு தப்பில்லை, அரை கிலோவுக்கு ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஏறும், ஐந்து சதவீதமாக இருந்த உன் பீர் எட்டு சதவீதத்தை நெருங்கியிருக்கும். ஆனால் ஈஸ்ட் சர்க்கரையை மிச்சமில்லாமல் தின்றுவிடும், நாக்கில் நிற்க எதுவும் இருக்காது, அதனால்தான் தண்ணீரில் சாராயம் ஊற்றியது போல இருக்கிறது. மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, கூட்டு. சர்க்கரை வேண்டுமென்றால் மால்ட்டும் சர்க்கரையும் சேர்ந்த மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், அதையும் ஈஸ்ட் நுரைத்துப் பொங்குவது அடங்க ஆரம்பித்த பிறகு போடு.

அடுத்தது ஈஸ்ட். மால்ட்டைக் காய்ச்சி எடுத்த கஷாயம் கனமாக இருந்தால் அதற்கு ஒரு பாக்கெட் பத்தாது, இரண்டு போடு, போடுவதற்கு முன் ஆறிய கஷாயத்தை நன்றாகக் குலுக்கிக் காற்றேற்று. முதல் மூன்று நாள் 18, 20 டிகிரியைத் தாண்ட விடாதே, சூடு ஏறினால் தலைவலிதான் மிஞ்சும். மார்கழியில் அம்மா இட்லி மாவுக்குக் கம்பளி போர்த்துவாளே, அந்தப் பாசத்தை இதில் காட்டாதே!

அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை ஜாடியில் விட்டதும் விரலால் லேசாகச் சுழற்றிவிடு. குமிழி ஒட்டியிருந்தால் அதைத் தூக்கிப் பொய் சொல்ல வைக்கும், புதுசாக லேபுக்கு வந்த பையன்கள் எல்லாரும் இதில்தான் ஏமாந்தார்கள். அடர்த்தி 1.075-இல் தொடங்கி 1.015-இல் நின்றால் வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கு, 7.9 வரும், அதுதான் ஆல்கஹால் சதவீதம். மூன்று நாள் ஒரே எண் காட்டாமல் பாட்டிலில் அடைக்காதே, உள்ளே சர்க்கரை மிச்சமிருந்தால் கண்ணாடி வெடித்துத் தெறிக்கும், கண்ணுக்கே ஆபத்து. ஸ்ட்ராங்காகக் காய்ச்சினால் வாரக்கணக்கில் பொறுக்கத்தான் வேண்டும்.

எத்தனை காட்டுகிறது என்று போட்டோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. குடும்ப குரூப்பில் போட்டுவிடாதே.

அப்பா