விரலை நிமிர்த்தும் பட்டை: பணத்தைத் திருப்பிக் கேட்டும் விளம்பரத்தை நீக்கக் கோரியும் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் அம்மாவுக்காக உங்கள் தளத்தில் கால்விரல் நிமிர்த்தும் பட்டை ஒரு ஜோடி வாங்கினேன். விலை 1,299 ரூபாய். கூடவே கால் ஆணி பிளாஸ்டர் ஒரு பாக்கெட் இலவசமாக வந்தது. இரண்டுமே அவருக்குக் கெடுதல் செய்தன. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "உடலில் அணிந்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்று உங்கள் ஆட்கள் முடித்துக்கொண்டார்கள். அதனால் எழுத்தில் அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு 62 வயது. சீசனில் மண்டியில் பெங்களூரா மாங்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவர். சர்க்கரை வந்து பல வருடமாகிறது. இடது காலில் பெருவிரலுக்கு அடுத்த இரண்டு விரல்களும் நடு மூட்டில் மடங்கி மேலே தூக்கி நிற்கின்றன. நுனி தரையில் குத்துகிறது, முட்டி மாதிரி எழும்பிய இடம் செருப்பு வாரில் உரசுகிறது. ஹேமர் டோ என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். உங்கள் விளம்பரம் தமிழில் கொட்டை எழுத்தில் என்ன சொன்னது? "எந்த வயதினருக்கும், எவ்வளவு பழைய வளைவுக்கும், 30 நாளில் நேரான விரல், ஆபரேஷன் தேவையில்லை."

பட்டையைக் கட்டிய முதல் வாரத்திலேயே தோல் சிவந்தது. உங்கள் சேவை எண்ணுக்குக் கூப்பிட்டு, அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதையும் சொல்லித்தான் கேட்டேன். பேசியவர், "இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டச் சொல்லுங்க சார், வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். அம்மாவுக்கு வலிக்கவே இல்லை. "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டு கட்டியிருந்தார். சர்க்கரையில் நரம்பு பாதித்து அவர் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது. படுக்கை விரிப்பில் கறையைப் பார்த்து நான் பட்டையை அவிழ்த்தபோது மூட்டின் மேல்தோல் கிழிந்து புண்ணாகியிருந்தது. ஆணி பிளாஸ்டர் ஒட்டிய விரல் நுனியும் வெளுத்துக் குழைந்து போயிருந்தது.

அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் முதலில் செய்தது ஒரே ஒரு காரியம். அம்மாவின் விரலைக் கையால் பிடித்து மெதுவாக நீட்டிப் பார்த்தார். அசையவில்லை. "இறுகிப்போன மூட்டும்மா, எந்தப் பட்டையும் இதை நிமிர்த்தாது" என்றார். அந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் ஆர்டர் பக்கத்தில் வீட்டு வாசலுக்கு எதிரில் என்ன கடை இருக்கிறது என்பது வரை கேட்கிறீர்கள். விரல் கையால் நீட்டினால் நீள்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று மட்டும் எங்கேயும் கேட்கவில்லை.

மருத்துவர் விளக்கியதை, உங்கள் விளம்பரம் எழுதுகிறவர் படிக்கட்டும் என்று இங்கே தருகிறேன். விரலை நேராக வைத்திருப்பது பாதத்துக்குள்ளேயே இருக்கும் சின்னத் தசைகள். சர்க்கரையால் நரம்பு கெட்டால் அந்தத் தசைகள் மெலிந்துவிடும். முழங்காலுக்குக் கீழிருந்து வரும் நீளமான தசைநாண்கள் விரலைத் தம் பக்கம் இழுத்து மடக்கிவிடும். ஆரம்பத்தில் கையால் நீட்டினால் நீளும். அந்தக் கட்டத்தில் அகலமான செருப்பு, மெத்துப் பட்டை, விரல் பயிற்சி எல்லாம் உரசலையும் வலியையும் குறைக்கும். அப்போதுகூடப் பட்டை கட்டியிருக்கும் வரைதான் விரலைப் பிடித்து வைக்கும், அவிழ்த்தால் பழையபடி போகும். வருடக்கணக்கில் மடங்கியே இருந்தால் தசைநாணும் மூட்டைச் சுற்றிய சவ்வும் சுருங்கி இறுகிவிடும். அதற்கப்புறம் நேராக்க வேண்டுமென்றால் அறுவை சிகிச்சைதான்: மூட்டில் எலும்பைக் கொஞ்சம் எடுப்பது, அல்லது மூட்டையே சேர்த்துவிட்டுச் சில வாரம் கம்பி வைப்பது. எல்லோருக்கும் அது தேவை என்றும் இல்லை. புண்ணும் வலியும் வராமல் பார்த்துக்கொண்டால் விரல் வளைந்தபடியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

உங்கள் விளம்பரத்தில் ஹை ஹீல்ஸ் போட்ட ஒரு பெண்ணின் படம், "தவறான ஷூவே ஒரே காரணம்" என்ற வரி. என் அம்மா வாழ்நாளில் ஹீல்ஸ் போட்டதில்லை, ரப்பர் செருப்புதான். முனை குறுகலான ஷூ பெரிய காரணம் என்பதை மறுக்கவில்லை. ஓசூரில் ஷிப்டு முழுக்க சேஃப்டி ஷூவில் நிற்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது விரல் நீளமாக இருப்பவர்களுக்கும், பெருவிரல் சாய்ந்து பக்கத்து விரலை நெருக்குபவர்களுக்கும், மூட்டுவாதக்காரர்களுக்கும் இது வருகிறது. ஒரே காரணம் என்று எழுத உங்களுக்கு யார் சொன்னது?

அந்த இலவச பிளாஸ்டர்தான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது. அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம். ஆணியைக் கரைப்பது போலவே நல்ல தோலையும் கரைக்கும். சர்க்கரைக்காரர்கள் இதைத் தாமாக ஒட்டவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். அந்த எச்சரிக்கை உங்கள் பாக்கெட்டில் இருக்கிறது. பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில், ஆங்கிலத்தில் மட்டும். விற்பதற்குத் தமிழ் வருகிறது, எச்சரிப்பதற்கு வரவில்லையா?

புண் இப்போது ஆறி வருகிறது. டிரெஸ்ஸிங் தொடர்கிறது. விரல் முட்டாத அளவுக்கு ஆழமும் அகலமும் உள்ள எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர் அடி வைத்த) செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். தினமும் இரவு பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் நான் பார்த்துவிடுகிறேன்.

உங்களிடம் கேட்பது இவை. பட்டைக்கான 1,299 ரூபாயும், இணைத்துள்ள ரசீதுகளின்படி சிகிச்சைச் செலவும் வேண்டும். "எவ்வளவு பழைய வளைவுக்கும்" என்ற வாசகத்தை எடுக்க வேண்டும். இறுகிய விரலுக்குப் பயன்படாது, சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கட்டக் கூடாது என்பதை விளம்பரம் இருக்கும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், தமிழில் போட வேண்டும். வலித்தால் நல்லது என்று போனில் சொல்வதை இன்றோடு நிறுத்த வேண்டும்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியது உங்கள் கடமை. தராவிட்டால் 1915 உதவி எண்ணிலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு வர வேண்டியதில்லை. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருப்பதும் உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும்.

பட்டை என்னிடம்தான் இருக்கிறது. கூரியர்காரரை அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். மீதமுள்ள பிளாஸ்டரைத் தர மாட்டேன், ஆணையத்தில் காட்ட அது தேவைப்படலாம்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டினம் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பாக்கெட்டின் இருபக்கப் படம், மருத்துவச் சீட்டு, ரசீதுகள்.