வெள்ளத்தில் எங்களோடு இருந்தவர்களுக்கு

அன்புள்ள தூத்துக்குடி மக்களுக்கு,

மழையைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை நாடே படித்துவிட்டது. நம் வீட்டுக்குள் தண்ணீர் எதுவரை ஏறியது என்று நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. எங்கள் குடிநோய் சிகிச்சை மையத்தில் தங்கியிருந்த அத்தனை பேரும் நலம். அதைச் சொல்லவும், அதற்குக் காரணமானவர்களைக் கையெடுத்துக் கும்பிடவும்தான் இந்த மடல். கரண்ட் இன்னும் விட்டு விட்டுத்தான் வருகிறது. போனில் சார்ஜ் இருக்கும்போதே முடித்துவிடுகிறேன்.

தெருவுக்குள் படகைக் கொண்டுவந்த மீனவச் சகோதரர்கள், ஹாலைத் திறந்துவிட்ட பங்குத்தந்தை, யார் என்ன என்று கேட்காமல் அண்டாவோடு சோறு அனுப்பிய பள்ளிவாசல்காரர்கள், டாக்டர் சீட்டைக் காட்டியதும் பாதி முங்கிய ஷட்டரைத் தூக்கி மாத்திரை எடுத்துத் தந்த மெடிக்கல் அண்ணாச்சி, தன் வீடு என்ன ஆயிற்று என்றே தெரியாமல் எங்களோடு நின்ற இரவு நர்ஸ், போன் கிடைக்காத அத்தனை நாளும் எங்களை நம்பிக் காத்திருந்த குடும்பங்கள்... உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன். இப்போதைக்கு மொத்தமாக ஒரு நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பேர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உப்பளத் தொழிலாளி. எங்களிடம் சேர்ந்து, பாதியில் போய், மறுபடி சேர்ந்து, மறுபடி குடித்தவர். வெட்கத்தில் ரொம்ப நாளாக எங்கள் தெருப்பக்கமே வராமல் இருந்தார்.

நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைதான் கண்டம். கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வரும். சிலருக்கு இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். மருந்து இருக்கிறது, தயமின் (வைட்டமின் பி1) ஊசி இருக்கிறது. ஆனால் அதோடு வெளிச்சமும் வேண்டும், பக்கத்தில் பதறாத ஆளும் வேண்டும். இருட்டில் நிழல் எல்லாம் பூச்சியாகிவிடும். அந்த ராத்திரி மாடியில் எங்களிடம் அப்படி ஒருவர் இருந்தார். மருந்து கொடுத்தாயிற்று. டார்ச் மங்கிக்கொண்டே வந்தது. நானும் நர்ஸும் ஒருவரைப் பிடித்தால் இன்னொருவர் எழுந்தார்.

இடுப்பளவு தண்ணீரில் அந்த உப்பளத் தம்பி வந்தார். தலைக்கு மேலே ஒரு பாலித்தீன் பை, அதற்குள் அரிக்கேன் விளக்கு. "இங்க லைட் இருக்காதுன்னு தெரியும் மேடம்" என்றார். அவ்வளவுதான். விளக்கைச் சுவரில் நிழல் விழாத மாதிரி இரண்டு மூன்று முறை இடம் மாற்றி வைத்தார். அதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

நோயாளி பெரியவர், முன்பின் தெரியாதவர். சுவரில் பூரான் ஏறுகிறது என்று கத்தினார். தம்பி இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரியுது அண்ணாச்சி. எனக்குத் தெரியல. நான் இங்கனதான் இருக்கேன்." கொஞ்ச நேரம் கழித்து, "இது ஆஸ்பத்திரி மாடி. வெளிய மழை. இன்னைக்கு ஞாயித்துக்கெழமை." மறுபடி கத்தல், மறுபடி அதே வாக்கியங்கள், அதே குரல். விடியும்வரை அப்படியே. பயிற்சி வகுப்புகளில் நான் பாடமாக நடத்துவது இதைத்தான். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் பொறுமையாகச் செய்கிறவர்கள் குறைவு. எங்கே கற்றீர்கள் என்று காலையில் கேட்டேன். "நான் கெடந்தப்போ எனக்கு இப்படித்தானே சொன்னாவ" என்றார்.

அவர் இப்போது குடியை விட்டுவிட்டாரா என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கேட்கக் கூடாத கேள்வி அது. இருந்தாலும் அவர் அனுமதியோடே சொல்கிறேன்: அதற்கு முந்தின வாரம்கூடக் குடித்திருந்தார். அன்றைக்குக் குடிக்கவில்லை. அன்றைக்கு எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்தத் துறையில் முடி நரைத்தவள் நான். இது பட்டவர்கள் கட்டிய துறை. 1935-இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில், மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்த பில் வில்சன் தேடிப் போனது இன்னொரு குடிநோயாளியைத்தான். பாப் ஸ்மித் என்ற அந்த அறுவை மருத்துவரும் அவரும் உட்கார்ந்து பேசியதில் பிறந்ததுதான், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேச இன்று ஊர் ஊராக நடக்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம். நம் சென்னையில் சாந்தி ரங்கநாதன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு 1980-இல் தொடங்கியதுதான் டி.டி.ஆர். அறக்கட்டளை. அடையாறில் அவர்கள் நடத்தும் டி.டி.கே. மருத்துவமனையில் சிகிச்சை பெறாத மாவட்டக்காரர்கள் இருக்க மாட்டார்கள். படித்து வந்த என்னைப் போன்றவர்கள் இதில் பின்னால் சேர்ந்தவர்கள்தான். சம்பளமும் நாற்காலியும் எங்களுக்கு வந்துவிட்டதால் சில சமயம் இது மறந்துபோகிறது.

தம்பி, உங்கள் வீட்டுக் கூரை போய்விட்டது என்பதை நான்கு நாள் கழித்து வேறு ஆள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னீர்களா? கூரைக்கு ஏற்பாடு செய்தாயிற்று, வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அப்புறம் இன்னொன்று. ஜனவரியிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வர, குடிக்காமல் இத்தனை நாள் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் வரலாம், நேற்றுக் குடித்தவரும் வரலாம். ஏ.ஏ.விலும் விதி அதுதான். நீங்கள் முதல் வரிசையில் உட்கார வேண்டும். பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம்.

மாத்திரையும் சீட்டும் தண்ணீரோடு போனவர்கள் தயங்காமல் வாருங்கள். கட்டடம் காயும்வரை பங்குத்தந்தை தந்த ஹாலில்தான் இருக்கிறோம். மாத்திரையைத் திடீரென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முக்கியமாக. வர முடியாதவர்கள், தண்ணீர் வடிந்த பிறகும் தூக்கம் வராமல் கிடப்பவர்கள் 14416-க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

நன்றியுடன்,
மையத்தின் மனநல ஆலோசகர்
தூத்துக்குடி, டிசம்பர் 2023