கீழ்த்தள நூலகச் சீரமைப்பு: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள நூலகத்தின் சீரமைப்பு வேலைகள் முடிந்து, புத்தகங்கள் மறுபடி அலமாரி ஏறிவிட்டன. வரவு செலவுக் கணக்கை ரசீதுகளோடு தனியாக இணைத்திருக்கிறோம். தொகைகளை அங்கே பார்த்துக்கொள்ளலாம். எதற்காகச் செலவு செய்தோம், யார் எதைக் கொடுத்தார்கள், இனி நம்மிடமிருந்து என்ன தேவைப்படும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாமல் செய்தது ஈரம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அதிலும் நம் கீழ்த்தளம் திறந்தவெளி. மழை சாய்ந்து அடித்தால் தூவானம் நேராக அலமாரிக்கே வரும். பலகை அலமாரிகளின் அடிப்பாகம் உப்பிப்போய், கதவு சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது என்ற நிலைக்கு வந்திருந்தது. மழையைவிடப் பெரிய சேதம் தரை கழுவும் நாளில்தான் நடந்தது. நகர மன்றத்தின் துப்புரவு ஊழியர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும்போது கடைசித் தட்டுப் புத்தகங்கள் நனைந்துவிடும். தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் அந்தத் தட்டில்தான் இருந்தன. முதுகில் பசை விட்டு, அட்டை தனியாகவும் தாள் தனியாகவும் கையோடு வந்துவிடும். ஊழியர்களைக் குறை சொல்ல முடியாது. கீழ்த்தளம் எல்லாருக்கும் பொதுவான இடம், அதைக் கழுவித்தான் ஆகவேண்டும்.

ஆகவே புதிய அலமாரிகள் எல்லாம் துருப்பிடிக்காத பூச்சு கொடுத்த இரும்பில் செய்யப்பட்டவை. கடைசித் தட்டு முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. அதற்குக் கீழே எதையும் வைக்கக் கூடாது, நன்கொடைப் பெட்டியைக்கூட. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறோம். காற்று போய்வர அது வேண்டும். வரிசைகளுக்கு இடையே 1.2 மீட்டர் விட்டதால், சக்கர நாற்காலியில் வருபவர்கள் யாரையும் நகரச் சொல்லாமல் உள்ளே வரலாம். மழைப் பக்கம் சுருட்டி ஏற்றும் திரை போட்டாயிற்று. மழை விட்டதும் அதை மேலே ஏற்றிவிடுங்கள். இறக்கியே வைத்தால் உள்ளே புழுக்கம் தங்கி, பூஞ்சை பிடித்துவிடும்.

திறப்பு தாமதமானதற்குக் காரணம் சொல்ல வேண்டும். முதலில் வந்திறங்கிய அலமாரிகளின் தட்டுகள் ஒப்புக்கொண்ட ஆழத்தில் இல்லை. பிள்ளைகளின் படப் புத்தகங்கள் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அலமாரி செய்துகொடுத்த குத்தகையாளர் விலையைக் குறைத்துக்கொள்கிறேன் என்றார். குழு சம்மதிக்கவில்லை, திருப்பி அனுப்பினோம். ஜூன் பள்ளி விடுமுறைக்குள் திறக்க நினைத்தது அதனால்தான் தவறியது. பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனதில் எங்களுக்கும் வருத்தமே.

இனி பணத்துக்கு வருவோம். கீழ்த்தளம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு (வீவக) சொந்தம், பராமரிப்பு நகர மன்றத்தின் கையில். ஆகவே ஓர் ஆணி அடிப்பதென்றாலும் எழுத்தில் அனுமதி வேண்டும். அந்த வேலைக்கு வசிப்போர் குழு கூடவே நின்றது. அலமாரிச் செலவின் பெரும்பகுதிக்குக் குடிமக்களின் சொந்த முயற்சிகளுக்காக 2016இல் தொடங்கப்பட்ட நமது சிங்கப்பூர் நிதியிடம் விண்ணப்பித்தோம். செலவில் 80 விழுக்காடு வரை, 20,000 வெள்ளிக்கு மிகாமல் என்பது அப்போது அதன் வரம்பாக இருந்தது. மீதிப் பங்கை நீங்களும் எதிர்ப் புளோக் குடும்பங்களும் கோப்பிக்கடைக்காரரும் கொடுத்தீர்கள். 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்ததால் கடைசி நேரத்தில் யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை.

அந்த நிதி தந்த மானியம் ஒருமுறைச் செலவுக்குத்தான். அலமாரி வாங்கலாம், திரை போடலாம். அட்டை கிழிந்த புத்தகத்தை ஒட்டவும், தேய்ந்த திரைக் கயிற்றை மாற்றவும், பிள்ளைகளின் கதை நேரத்துக்குப் பென்சில், தாள் வாங்கவும் அதில் வழியில்லை. நகர மன்றம் நமக்குக் காசோலை எதுவும் கொடுக்கவில்லை என்று சில உறுப்பினர்கள் குறைபட்டார்கள். குழுவின் கருத்து வேறு. வாடகை இல்லாத இடம், இரவு வரை எரியும் விளக்கு, துப்புரவு, நாம் கேட்டதும் சரிசெய்து கொடுத்த வடிகால் மூடி என எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. இவை வருடம் முழுக்கத் தேவைப்படுபவை. இவற்றை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தால் எந்த மானியமும் காணாது. அதோடு, நகர மன்றத்தின் வருமானத்தில் நாம் மாதந்தோறும் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணமும் இருக்கிறது. ஆகவே நியாயமான தேவையைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

இங்கிலாந்தில் நடந்ததைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் எடுத்துச் சொன்னார். அங்கே பொது நூலகம் நடத்துவது உள்ளூர் மன்றங்களின் கடமை என்று 1964ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அப்படியிருந்தும் 2010க்குப் பிறகு வந்த செலவுக் குறைப்பில் பல நூலகங்கள் மூடப்பட்டன, வேறு பல நூலகங்கள் தொண்டூழியர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. சம்பளம் வாங்கிய நூலகர் இருந்த இடத்தில் அக்கம்பக்கத்தினர் முறைபோட்டு உட்காரும்படி ஆயிற்று. நம் நிலைமை அதுவல்ல. தேசிய நூலக வாரியத்தின் வட்டார நூலகங்கள் நன்றாகவே நடக்கின்றன. அவற்றுக்கு மாற்றாக நாம் இதை நடத்தவில்லை, நடத்தவும் முடியாது. எம்ஆர்டி ரயில் ஏறிப் போக முடியாத மலாய் மூதாட்டியும், தமிழ் முரசு நாளிதழைப் படித்து முடித்துவிட்டு நாவல் தேடும் தாத்தாவும், அம்மா வேலை முடிந்து வரும்வரை கீழே விளையாடும் பிள்ளைகளும் செருப்போடு வந்து புத்தகம் எடுக்கும் இடம் இது.

தொண்டூழியர்களால் நூலகம் நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஊரிலேயே பதில் இருக்கிறது. 2013இல் சைனாடவுன் பாயிண்டில் திறந்த நூலகத்தைத் தொண்டூழியர்களே நடத்துகிறார்கள். அதற்கு நன்கொடை கொடுத்தவர்களில் குவான் இம் தோங் ஹூட் சோ கோயிலும் உண்டு. ஆனால் அவர்களுக்குப் பின்னால் வாரியத்தின் புத்தகமும் பயிற்சியும் இரவல் முறையும் இருக்கின்றன. அதே வகை ஆதரவு, அதில் சிறு பங்காவது, நமக்கும் வேண்டும். இரண்டு கோரிக்கைகளோடு எழுதவிருக்கிறோம். தமிழ்ப் புத்தகம் அடுக்கவும் பழுது பார்க்கவும் நம் தொண்டூழியர்களுக்குப் பயிற்சி தரும்படி வாரியத்திடம் கேட்போம். தரை கழுவும் நாளை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி நகர மன்றத்திடம் கேட்போம். இரண்டாவதற்குக் காசு செலவில்லை, நமக்கோ பெரிய உதவி.

மாதச் செலவுக்கு உறுப்பினர்கள் விரும்பிய தொகையைத் தரலாம் என்று குழு முடிவு செய்திருக்கிறது. கட்டாயமில்லை. கொடுக்காதவர்களும் வழக்கம்போல் புத்தகம் எடுக்கலாம். இது மாறாது. வரும் பொதுக்கூட்டத்தில் இதற்கு உங்கள் ஒப்புதலைக் கேட்போம்.

புத்தகம் கொடுப்பவர்கள் பழைய பாடத்திட்டத்துப் பயிற்சி நூல்களையும் பூஞ்சை பிடித்தவற்றையும் தயவுசெய்து தவிர்க்கவும். ஒரு பூஞ்சைப் புத்தகம் போதும், பக்கத்தில் இருப்பதெல்லாம் கெட்டுவிடும். பிள்ளைகளுக்கான தமிழ்க் கதைப் புத்தகங்கள்தான் இப்போது மிகவும் குறைவாக இருக்கின்றன. ஊருக்குப் போய்வருபவர்கள் பையில் இரண்டு எடுத்து வந்தால் நன்றி.

சனி, ஞாயிறு பொறுப்புக்கு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். செவ்வாய், வியாழன் மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை இன்னும் யாரும் இல்லை. வர முடிந்தவர்கள் முதல் அலமாரியின் பக்கவாட்டில் தொங்கும் தாளில் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிவிடுங்கள். திரையை ஏற்றி இறக்குவது எப்படி என்று நாங்கள் காட்டித் தருகிறோம்.

நிர்வாகக் குழு